பழைய பதிவுகள் தாமாகவே முகநூலுக்குப் போக: வேர்ட்பிரஸ் பழகுகிறவர்களுக்கு ஒரு செய்முறை

டிசம்பர் பௌர்ணமியோடு சிவனொளிபாதமலைப் பருவகாலம் தொடங்கி, வெசாக் பௌர்ணமி வரை நீடிக்கிறது. அந்த மாதங்களில் ஹட்டனில் இறங்கி மஸ்கெலியா, நல்லதண்ணி வழியாக மலையேற வருகிறவர்களுக்கு, மூன்று வருடங்களுக்கு முன் நீங்கள் எழுதிய வழிகாட்டிப் பதிவு இன்றும் தேவைதான். ஆனால் அது உங்கள் தளத்தின் பத்தாவது பக்கத்தில் கிடக்கிறது. எழுதிய வாரத்தில் முகநூலில் ஒருமுறை போட்டீர்கள், சிலர் பார்த்தார்கள், அதோடு சரி.

இப்படிக் கிடக்கும் நல்ல பதிவுகளை எடுத்து, குறித்த இடைவெளியில் முகநூல் பக்கத்தில் தானாகப் போடும் பிளகின்கள், அதாவது தளத்தோடு சேர்க்கும் துணை நிரல்கள், வேர்ட்பிரஸுக்கு உண்டு. நிறுவுவது சில நிமிட வேலை. எந்தப் பதிவை அனுப்பலாம், எதை அனுப்பக் கூடாது என்று பிரிப்பதுதான் உண்மையான வேலை. அதனால் இந்த விளக்கத்தில் அதற்கே அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

தொடங்குமுன் உங்களிடம் இருக்க வேண்டியவை

சொந்த ஹோஸ்டிங்கில், அதாவது நீங்களே வாடகைக்கு எடுத்த சேவையக இடத்தில், ஓடும் வேர்ட்பிரஸ் தளம் வேண்டும். வேர்ட்பிரஸ் டொட் கொம்மின் இலவசக் கணக்கில் பிளகின் போட முடியாது. கூகுளின் பிளாக்கரிலும் முடியாது. அங்கே எழுதுகிறவர்களுக்கான வழியைக் கடைசியில் சொல்கிறேன்.

அடுத்தது, முகநூல் பக்கம். உங்கள் பெயரில் இருக்கும் தனிப்பட்ட கணக்கு இதற்கு உதவாது. தனிக் கணக்குகளில் வெளிச் செயலிகள் தாமாகப் பதிவிடும் வசதியை முகநூல் 2018 ஆகஸ்டில் நிறுத்திவிட்டது. குழுக்களுக்கு இருந்த வசதியும் 2024 ஏப்ரலோடு போய்விட்டது. ஆகவே தோட்ட நண்பர்கள் குழுவிலும் பழைய மாணவர் குழுவிலும் நீங்கள்தான் கையால் பகிர வேண்டும். வட்ஸ்அப் குழுக்களும் அப்படியே. பக்கம் இல்லையென்றால் இன்றே ஒன்றைத் தொடங்குங்கள், காசு எதுவும் வேண்டாம்.

முதற்படி: பதிவுகளைப் பிரித்தல்

தளத்தின் எல்லாப் பதிவுகளையும் ஒருமுறை கண்ணால் பாருங்கள். ஒவ்வொன்றிடமும் ஒரே கேள்விதான்: இதை இன்று முதன்முறையாகப் படிக்கிறவர் ஏமாறுவாரா?

எடுத்துக்காட்டுக்கு, தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 1,000 ரூபாய் என்று 2021இல் எழுதிய பதிவு. அன்று அது சரியான செய்தி. 2024இல் 1,350 ரூபாய் ஆன பிறகு, அதே பதிவு திகதி தெரியாமல் ஒருவரின் கைப்பேசியில் வந்து நின்றால் அது தவறான தகவல். சம்பளம் என்பது நம் வீடுகளில் சோற்றோடு சம்பந்தப்பட்ட விஷயம். அதில் பழைய எண்ணை உலவ விடுவது பெரிய அநியாயம். புலமைப்பரிசில் பரீட்சைக்கான விண்ணப்ப முடிவுத் திகதி, பஸ் கட்டணம், ரயில் நேரம், மரண அறிவித்தல், தேர்தல் செய்தி ஆகியவையும் இதே வகை. பயணப் பதிவுகளை இரண்டு மடங்கு கவனமாகப் பாருங்கள். 2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வா புயலில் மலையக ரயில் பாதையும் வீதிகளும் பல இடங்களில் சேதமடைந்தன. அதற்கு முன் எழுதிய ‘பதுளைக்கு ரயிலில் போகலாம்’ வகைப் பதிவுகளை, இன்றைய நிலையை விசாரித்துத் திருத்தாமல் அனுப்ப வேண்டாம்.

மறுபக்கம், காலம் தின்னாத பதிவுகள் நிறைய இருக்கும். 1823இலிருந்து தொடங்கும் மலையக வரலாறு, கொழுந்து தொழிற்சாலையில் தேயிலையாக மாறும் விதம், லயத்து முற்றத்தில் கோவா வளர்ப்பது, காமன்கூத்தின் நடைமுறை, கணித விளக்கங்கள் போன்றவை. எத்தனை முறை பகிர்ந்தாலும் புதிதாக ஒருவருக்கு அவை பயன்படும்.

பிரிப்பதற்கு எளிய வழி: வேர்ட்பிரஸில் ‘காலம் கடந்தவை’ என்று ஒரு புதிய வகையை, அதாவது கேட்டகரியை, உருவாக்குங்கள். அனுப்பக் கூடாத பதிவுகளையெல்லாம் அதில் சேருங்கள். ‘போஸ்ட்ஸ்’ பட்டியலில் பல பதிவுகளை ஒன்றாக டிக் செய்து, மேலே உள்ள ‘பல்க் அக்ஷன்ஸ்’ பெட்டியில் ‘எடிட்’ கொடுத்தால், எல்லாவற்றுக்கும் ஒரே தடவையில் வகை சேர்த்துவிடலாம். பழைய வகையை நீக்க வேண்டியதில்லை, ஒரு பதிவு இரண்டு வகைகளிலும் இருக்கலாம்.

இரண்டாம் படி: முகவரியும் படமும்

தமிழில் எழுதுகிறவர்களுக்கு மட்டும் வரும் சிக்கல் இது. தலைப்பைத் தமிழில் எழுதினால் வேர்ட்பிரஸ் அதையே பதிவின் முகவரியாகவும் எடுத்துக்கொள்கிறது. வெளியே ஒட்டும்போது அது வீதக்குறிகள் நிறைந்த நீண்ட சரமாக மாறுகிறது. கணினிக்கு ‘தே’ என்பது ‘த’வும் அதன் கொம்பும் என இரண்டு குறியீடுகள். இப்படி ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் ஒன்பது எழுத்தாக விரியும்; ‘தேயிலை’ என்ற ஒரே சொல் 54 எழுத்துகள் ஆகிவிடும். வேர்ட்பிரஸ் முகவரிக்கு ஒதுக்கும் இடமோ 200 எழுத்துகள்தான். ‘சிவனொளிபாத மலைக்கு நல்லதண்ணி வழியாக’ என்று தலைப்பு வைத்துப் பாருங்கள். முகவரி ‘நல்லத’ என்பதோடு அறுந்து நிற்கும்.

பதிவைத் திறந்து, வலப்பக்கத்தில் ‘ஸ்லக்’ என்ற இடத்தில் இரண்டு மூன்று ஆங்கிலச் சொற்களால் ஆன சிறிய முகவரியைக் கொடுங்கள். பழைய முகவரியைச் சொடுக்கி வருகிறவர்களை வேர்ட்பிரஸே புதிய முகவரிக்குத் திருப்பிவிடும், பயப்பட வேண்டாம்.

படம் இல்லாத இணைப்பை யாரும் தொடுவதில்லை. ஒவ்வொரு பதிவுக்கும் ‘பீச்சர்ட் இமேஜ்’ வையுங்கள். 1200க்கு 630 பிக்சல் அளவு முகநூலுக்குச் சரியாகப் பொருந்தும். யோஸ்ட் போன்ற எஸ்இஓ (தேடுபொறிகளுக்கு ஏற்பத் தளத்தைச் சீராக்கும்) பிளகின் ஒன்று தளத்தில் இருந்தால், அந்தப் படத்தை முகநூலுக்கு அதுவே எடுத்துக்காட்டும். படத்தை மாற்றிய பிறகும் முகநூலில் பழைய படமே வந்தால், முகநூலின் தாய் நிறுவனமான மெட்டாவின் ‘ஷேரிங் டிபக்கர்’ பக்கத்தில் முகவரியை ஒட்டி ‘ஸ்க்ரேப் அகெய்ன்’ அழுத்துங்கள்.

மூன்றாம் படி: நிறுவுதல்

தமிழ் வலைப்பதிவர்களுக்கு நான் பரிந்துரைப்பது தீம்ஐல் நிறுவனத்தின் ‘ரிவைவ் ஓல்ட் போஸ்ட்ஸ்’. இப்போது ‘ரிவைவ் சோஷியல்’ என்ற பெயரிலும் வருகிறது. இலவசப் பதிப்பே தொடங்குவதற்குப் போதும். ‘பிளகின்ஸ்’, ‘ஆட் நியூ’ என்று போய்ப் பெயரைத் தேடி, ‘இன்ஸ்டால் நவ்’, பிறகு ‘அக்டிவேட்’ அழுத்துங்கள். இடப்பக்கப் பட்டியலில் அதன் பெயர் வந்துவிடும்.

‘அக்கவுண்ட்ஸ்’ பகுதியில் முகநூல் பொத்தானை அழுத்துங்கள். முகநூல் உங்களிடம் அனுமதி கேட்கும். நீங்கள் நிர்வகிக்கும் பக்கங்களின் பட்டியல் வரும். இந்தத் தளத்துக்குரிய பக்கத்தை மட்டும் தேர்ந்தெடுங்கள். கோவில் பக்கத்தையோ பாடசாலைப் பக்கத்தையோ நீங்கள் நிர்வகிப்பவராக இருந்தால் இதில் கண் வைப்பது அவசியம். பிற்காலத்தில் முகநூல் கடவுச்சொல்லை மாற்றினால் இந்த இணைப்பு அறுந்துபோகும், மறுபடி இணைக்க வேண்டும்.

நான்காம் படி: அமைப்புகள்

‘ஜெனரல் செட்டிங்ஸ்’ பகுதியில் முதலில் பார்க்க வேண்டியது இரண்டு பகிர்வுகளுக்கு இடையிலான மணிநேரம். 24இன் மடங்காகவே வையுங்கள். பத்து மணிநேரம் என்று வைத்தால், இரவு 7 மணிக்குப் போனது அடுத்து காலை 5க்கும், பிறகு பிற்பகல் 3க்கும், அதன் பிறகு நள்ளிரவு 1க்கும் போகும். 48 என்று வைத்தால் இரண்டு நாளைக்கு ஒருமுறை ஏறத்தாழ அதே நேரத்தில் போகும். கொழும்பில் வேலை செய்கிற நம் பிள்ளைகளும், தேயிலை மலையில் வேலை முடிந்து திரும்பி வீட்டு வேலையை முடித்தவர்களும் கைப்பேசியை எடுப்பது இரவு 7 மணிக்குப் பிறகுதான் என்பதால், அந்த நேரத்தையே நான் தேர்வேன். நல்ல பதிவு 40 இருந்தால் ஒரு சுற்று முடிய 80 நாள். ஒரே பதிவை அதைவிட அடிக்கடி பார்த்தால் வாசகர் சலித்துப் பக்கத்தை விட்டு விலகுவார்.

அடுத்து, பதிவின் குறைந்தபட்ச வயது, அதிகபட்ச வயது. இரண்டும் நாட்கணக்கு. குறைந்தபட்சத்துக்கு 90 போதும். அதிகபட்சப் பெட்டியில் 365 என்று இருந்தால், ஒரு வருடத்தைத் தாண்டிய பதிவு எதுவும் போகாது. நீங்கள் மீட்க நினைப்பதே அந்தப் பழைய பதிவுகளைத்தான், எனவே அதை 5000 போன்ற பெரிய எண்ணாக மாற்றுங்கள். ‘டாக்ஸோனமீஸ்’ பெட்டியில் ‘காலம் கடந்தவை’ வகையைத் தேர்ந்து, அருகிலுள்ள ‘எக்ஸ்குளூட்’ கட்டத்தில் டிக் வையுங்கள். எல்லாம் ஒரு சுற்றுப் போன பிறகு மீண்டும் தொடங்க வேண்டுமானால் ‘ஷேர் மோர் தன் வன்ஸ்’ என்பதையும் டிக் செய்யுங்கள்.

‘போஸ்ட் போர்மட்’ பகுதியில், பதிவின் தலைப்பு மட்டும் போகும்படி விடுங்கள். உள்ளடக்கத்தையும் சேர்த்தால் எழுத்து எல்லையில் வாக்கியம் பாதியில் நின்றுவிடும். கூடுதல் வாசகம் சேர்க்கும் இடத்தில், எல்லாப் பதிவுக்கும் பொருந்தும் ஒரு வரியை எழுதுங்கள். நான் விரும்புவது: ‘முன்பு எழுதியது, இன்றும் பயன்படும்.’ பழையது என்று முன்கூட்டியே சொல்லிவிடுவது வாசகருக்கு நாம் கொடுக்கும் மரியாதை. எக்ஸ் (முன்பு ட்விட்டர்) தளத்தையும் இணைத்தால், ஒரே வாசகத்தை மாற்றமின்றித் திரும்பத் திரும்பப் போடுவதை அந்தத் தளம் குப்பையாகக் கருதும் என்பதை நினைவில் வையுங்கள்.

ஐந்தாம் படி: கடிகாரம்

வேர்ட்பிரஸின் ‘செட்டிங்ஸ்’, ‘ஜெனரல்’ பகுதியில் நேர வலயம் ‘கொலம்போ’ என்று இருக்கிறதா பாருங்கள். ‘யூடிசி’ என்ற உலகப் பொது நேரத்தில் இருந்தால் ஐந்தரை மணிநேரம் தள்ளிப்போகும்.

இன்னொன்றும் உண்டு. ‘க்ரோன்’ எனப்படும் வேர்ட்பிரஸின் உள் கடிகாரம் தானாக ஓடுவதில்லை. யாராவது தளத்துக்கு வரும்போதுதான் நேரமாகிவிட்டதா என்று பார்க்கிறது. நாளுக்குச் சிலரே வரும் சிறிய தளத்தில், 7 மணிக்குப் போக வேண்டியது 10 மணிக்குப் போவது இதனால்தான். உங்கள் ஹோஸ்டிங் நிறுவனத்துக்கு, ‘என் தளத்தின் வேர்ட்பிரஸ் க்ரோனை 15 நிமிடத்துக்கு ஒருமுறை சேவையகத்திலிருந்தே இயக்கித் தாருங்கள்’ என்று ஒரு வரி எழுதுங்கள். செய்து தருவார்கள். அதன் பிறகு உங்கள் ஊரில் கரண்ட் போனாலும் சிக்னல் விழாவிட்டாலும் பகிர்வு நிற்காது, ஏனென்றால் வேலை நடப்பது உங்கள் கைப்பேசியில் அல்ல.

இப்போது ‘ஸ்டார்ட் ஷேரிங்’ அழுத்துங்கள். ‘ஷேரிங் கியூ’ பகுதியில் அடுத்து எது, எப்போது போகும் என்று தெரியும். முதல் வாரத்தில் ஒவ்வொரு பகிர்வையும் முகநூலில் நேரில் பாருங்கள். படம் வந்ததா, இணைப்பு திறக்கிறதா, கீழே யாராவது கேள்வி கேட்டிருக்கிறார்களா? கேட்டால் அன்றே பதில் சொல்லுங்கள்.

நிறுத்தத் தெரிந்திருக்க வேண்டும்

அதே இடத்தில் ‘ஸ்டொப் ஷேரிங்’ பொத்தான் இருக்கிறது. அடைமழை பிடித்து, தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் நுவரெலியா, பதுளை மாவட்டங்களுக்கு மண்சரிவு எச்சரிக்கை விடுத்தால், முதல் வேலையாக அதை அழுத்துங்கள். 2014 அக்டோபர் 29இல் மீரியபெத்தையில் நடந்த மண்சரிவை மறந்தவர் நம்மில் யாருமில்லை. ஊர் இடம்பெயர்ந்து பாடசாலையில் தங்கியிருக்கும் இரவில், ‘எல்லயில் பார்க்க வேண்டிய இடங்கள்’ என்று உங்கள் பக்கம் சிரித்துக்கொண்டு பதிவிடக் கூடாது. பிளகினுக்கு மழை தெரியாது, துக்கம் தெரியாது. கைப்பேசியின் உலாவியிலிருந்தே தளத்துக்குள் நுழையப் பழகிக்கொண்டால் எங்கிருந்தும் நிறுத்தலாம். நிலைமை சீரானதும், வரிசையில் நிற்கும் பதிவுகளை ஒருமுறை பார்த்துவிட்டுத் திரும்பத் தொடங்குங்கள்.

பிளாக்கரிலும் வேர்ட்பிரஸ் டொட் கொம்மிலும் எழுதுகிறவர்களுக்கு

பிளகின் இல்லாவிட்டாலும் கவலை வேண்டாம். மெட்டா பிஸ்னஸ் சூட் இலவசம். அதில் உங்கள் பக்கத்தைத் திறந்து ‘பிளானர்’ பகுதிக்குப் போனால், பதிவின் இணைப்பையும் ஒரு வரியையும் எழுதி, திகதியும் நேரமும் குறித்துவிடலாம். ஞாயிறு மாலை உட்கார்ந்தால் அடுத்த சில வாரங்களுக்கானதை முடித்துவிடலாம். தைப்பொங்கலுக்கு உரியதை ஜனவரி முதல் வாரத்திலும், நுவரெலியா வசந்தகாலப் பதிவை மார்ச் இறுதியிலும் வைப்பதற்கு, வேர்ட்பிரஸ் வைத்திருப்பவர்களுக்கும் இதுவே வசதி.