பெரட்டு மணியை இன்னும் ஓங்கி அடிக்காதீர்கள்: லூபஸில் நடக்கும் தவறுகள்

மலேசியாவில் சுங்கை சிப்புட்டில் மருந்துக் கடையில் நிற்கிறவன் நான். "தம்பி, லூபஸ்னு சொல்லிட்டாங்க. எதிர்ப்புச் சக்தி ஏறுற மாதிரி ஏதாவது கொடு" என்று கேட்டு வருகிறவர்கள் உண்டு. முதல் தவறே அதுதான். லூபஸ் என்பது எதிர்ப்புச் சக்தியே சொந்த உடம்பைத் தாக்கும் நோய்.

தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்குப் பெரட்டு மணி தெரியும். விடியுமுன் அடித்தால் எல்லாரும் வேலைக்குக் களத்தில் கூட வேண்டும். 1957இல் விஞ்ஞானிகள் ஐசக்ஸும் லிண்டன்மானும் கண்டறிந்த இன்டர்ஃபெரான் அந்த மணி மாதிரிதான். வைரஸ் நுழைந்த செல் அக்கம்பக்கத்துக்கு அனுப்பும் சேதி. லூபஸில் வைரஸ் வராமலே மணி அடிக்கிறது. செத்த செல்களிலிருந்து சிந்தும் டிஎன்ஏவில் ஆன்டிபாடி ஒட்டிக்கொள்ள, சில வெள்ளணுக்கள் அதை வைரஸ் என்று நம்பி இன்டர்ஃபெரான்-ஆல்ஃபாவைக் கொட்டுகின்றன. இந்த நேரத்தில் எதிர்ப்புச் சக்தியைத் தூண்டும் என்று விற்கும் எக்கினேசியா, அல்ஃபால்ஃபா மூலிகை எல்லாம் எதற்கு? அல்ஃபால்ஃபா சாப்பிட்டு லூபஸ் கிளம்பிய ஆட்களைப் பற்றி மருத்துவ இதழ்களிலேயே பதிவு இருக்கிறது. "இயற்கைதானே" என்று விற்பவர் சொல்வார். சொல்லட்டும்.

அடுத்தது மங்கு என்று நினைத்து வெளுப்பாக்கும் கிரீம் பூசுவது. செம்பனையில் உதிரிப்பழம் பொறுக்கும் ஓர் அக்கா, பாசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) வாங்கிய டப்பாவோடு வந்தார். நம் நிறத்தில் தடிப்பு சிவப்பாகத் தெரியாது. கருஞ்சிவப்பாக, சில சமயம் வெறும் கருமையாக இருக்கும். இரு கன்னமும் மூக்குத் தண்டும் படர்ந்து, மூக்கோர மடிப்பை மட்டும் விட்டிருந்தது. விரல் மூட்டும் காலையில் மடங்கவில்லையாம். கிரீமை விற்காமல் கிளினிக்குக்கு அனுப்பினேன். வெயில் தோல் செல்களைக் கொல்லும், அதனால் இன்னும் டிஎன்ஏ சிந்தும். முழுக்கை சட்டை, தொப்பி, சன்ஸ்கிரீன் மூன்றுமே வேண்டும்.

அப்புறம், "மலேரியா மாத்திரை எனக்கெதுக்கு?" என்று, லூபஸுக்கு டாக்டர் கொடுத்த ஹைட்ராக்ஸிகுளோரோகுயினை நிறுத்துவது. அந்த வெள்ளணுக்களுக்குள் டிஎன்ஏவை மோப்பம் பிடிக்கும் உணரியை அடக்குவதே இந்த மாத்திரையின் வேலை. உடம்பில் பாதி குறையவே ஏறத்தாழ 40 நாள் ஆகும். அதனால் நிறுத்திய உடனே ஒன்றும் தெரியாது. மாதங்கள் கழித்து நோய் கிளம்பும்போது காரணம் மறந்திருக்கும். மாத்திரை கண்ணைக் கெடுக்குமோ என்று பயமா? ஒரு நாளைக்கு உடல் எடையில் கிலோவுக்கு 5 மில்லிகிராமைத் தாண்டாமல், டாக்டர் சொன்னபடி கண்ணைப் பார்த்துக்கொண்டால் போதும்.

உடம்பில் அழற்சி இருக்கிறதா என்று காட்டும் சிஆர்பி ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டைப் பார்த்து ஏமாறுவதும் உண்டு. இன்டர்ஃபெரான்-ஆல்ஃபா கல்லீரலில் சிஆர்பி உருவாவதையே அடக்குவதால், நோய் கொதிக்கும்போதும் பலருக்கு அளவு சாதாரணமாகவே இருக்கும். காய்ச்சலோடு அது எகிறினால் முதலில் தொற்றைத் தேட வேண்டும்.

சரி, மணிச் சத்தமே செல்களின் காதில் விழாமல் செய்யும் ஊசி? அனிஃப்ரோலுமாப், 2021இல் அமெரிக்காவில் லூபஸுக்கு அனுமதி பெற்றது. முடக்குவாதம் (மூட்டு அழற்சி நோய்) உள்ளவர் கேட்டால், அவருக்கான ஊசி இது இல்லை. இதைப் போடுகிறவர்களுக்கு அக்கி வரும் வாய்ப்பு கூடுகிறது. விலாவில் ஒரு பக்கமாகக் கொப்புளம் கண்டால், காவிக்கல்லால் அக்கி எழுதப் போகாமல் அன்றே டாக்டரைப் பாருங்கள்; வைரஸை அடக்கும் மாத்திரையை 72 மணி நேரத்துக்குள் தொடங்குவது நல்லது.