ஊருக்குப் போகும்போது கமெராவையும் கொண்டு போவோருக்கு

மூன்று கிழமை விடுமுறையில் யாழ்ப்பாணத்துக்குச் செல்லும் குடும்பத்தின் நாட்களில் பெரும்பகுதி, விமானம் ஏறும் முன்னரே உறவினர் வீடுகளுக்கும் கோயில்களுக்கும் கலியாண வீடுகளுக்குமாகப் பங்கு போடப்பட்டிருக்கும். இயற்கைப் படங்களை எடுத்துப் பழக விரும்புவோர் அந்த நாட்களுக்குள் நேரம் தேடி வீட்டாரைக் காக்க வைக்காமல், எல்லோரும் உறங்கும் விடியற்காலையில் ஒரு மணித்தியாலத்தைத் தமக்கென எடுத்துக்கொள்வது நல்லது. அந்த நேரத்தில் பத்து இடங்களைத் தேடி ஓடுவதிலும் பார்க்க, வீட்டுக்குக் கிட்டவுள்ள ஓரிடத்துக்கே திரும்பத் திரும்பப் போங்கள் என்பதுதான் நான் முதலில் சொல்வது.

எனக்கு அந்த இடம் வல்லை வெளி. பருத்தித்துறை வீதியில் வாகனத்தில் போகும்போது அது வெறும் வெட்டையாகத்தான் தெரியும். சைக்கிளில் போய் பாலத்தடியில் இறங்கி நின்ற முதல் நாள், வானமும் தண்ணீருமாக எடுத்த நாற்பது படங்களில் ஒன்றுகூடத் தேறவில்லை. மூன்றாம் நாள்தான் கண் பழகியது. தண்ணீர் வற்றிய ஓரத்தில் உப்புப் பூத்து வெடித்திருந்த சேற்றில், ஒரு கொக்கின் காலடிகள் நேர்கோடாகப் போய், நடுவில் ஓரிடத்தில் குழம்பி, மறுபடியும் நேராகப் போயிருந்தன. அது இரை பிடித்த இடமாக இருக்க வேண்டும். கைபேசியைத் தலைகீழாகப் பிடித்து, அதன் கமெரா நிலத்தோடு ஒட்டும்படி வைத்து அதைப் படமெடுத்தேன். அந்தப் பயணத்தில் எனக்குப் பிடித்த படம் அதுதான்.

வெளிச்சத்தைப் பற்றி ஒன்று தெரிந்திருக்க வேண்டும். லண்டனிலோ ரொறன்ரோவிலோ கோடை மாலையின் பொன்னிற வெயில் நெடுநேரம் சரிந்து கிடக்கும். பூமத்திய ரேகைக்கு அண்மையில், ஏறத்தாழ 10 பாகை வட அகலாங்கில் இருக்கும் யாழ்ப்பாணத்தில் சூரியன் செங்குத்தாக ஏறி, செங்குத்தாகவே இறங்குவதால், நல்ல வெளிச்சம் அரை மணித்தியாலத்துக்குச் சற்று மேல்தான் நிற்கும். ஆண்டு முழுவதும் ஏறத்தாழ ஆறு மணிக்கும் ஆறரை மணிக்கும் இடையில்தான் விடியும். மாலையும் ஏறக்குறைய அப்படியே. ஆகவே ஐந்தே முக்காலுக்கு உரிய இடத்தில் நிற்க வேண்டும். ஒன்பது மணிக்குப் பின்னர் வெயில் வெளிறிவிடும் என்பதால் அதன்பிறகு கமெராவை மூடிவைத்துவிட்டுக் குடும்பத்தோடு இருப்பதில் இழப்பு எதுவும் இல்லை.

போகும் மாதத்தைப் பொறுத்து எடுக்கக்கூடியவை அடியோடு மாறும். ஐப்பசி, கார்த்திகை மாரி மழை ஓய்ந்து மார்கழி, தை மாதங்களில் போவோருக்குக் குளங்களும், தரவை எனப்படும் பள்ளமான புல்வெளிகளும் நிறைந்திருக்கும். வலசை வரும் பறவைகளும் அப்போதுதான் நிற்கும். பிள்ளைகளின் பள்ளி விடுமுறைக்காக ஆடி, ஆவணியில் போவோர் பூநாரைகளை நம்பிப் போகக்கூடாது. அவர்களுக்குக் காய்ந்த நிலமும், காற்றில் சாயும் பனைகளும், நல்லூர்த் திருவிழாவும், விழுந்து கிடக்கும் பனம்பழங்களும் உண்டு. அவை குறைந்தவை அல்ல. மாலையில் சூரியனுக்கு எதிரே நின்று, கைபேசித் திரையில் வானத்தைத் தொட்டு வெளிச்சத்தைக் குறைத்தால் பனங்கூடல் கரிய உருவமாக எழுந்து நிற்கும். பழகத் தொடங்குவோருக்கு இதைவிட எளிதான பயிற்சி வேறில்லை. மணற்காட்டின் மணல் மேடுகளுக்கும் மாலை நேரமே உகந்தது. சரிந்த வெயிலில்தான் மணலின் வரிகளுக்கு நிழல் விழும். பாதி மணலில் புதைந்த பழைய அந்தோனியார் கோவிலின் சுவர்களும் அப்போதுதான் நிறம் கொள்ளும்.

பூநாரைகளைப் பார்க்க விரும்புவோருக்கு மன்னார்தான் சிறந்த இடம். 2011 இல் சங்குப்பிட்டிப் பாலம் திறக்கப்பட்ட பின்னர் பூநகரி வழியாக ஏ-32 வீதியில் ஒரே நாளில் போய்வர முடிகிறது. ஆனால் விடியல் வெளிச்சத்துக்காக மன்னாரில் ஓரிரவு தங்குவதையே நான் பரிந்துரைப்பேன். பெருநிலத்திலிருந்து தீவுக்குச் செல்லும் நீண்ட வீதியின் ஓரமாக உள்ள வங்காலை சரணாலயம் 2010 இல் ராம்சார் ஈரநிலமாக, அதாவது உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது. மார்கழி தொடக்கம் மாசி வரை பூநாரைகளும் ஊசிவால் வாத்துகளும் அங்கே கூட்டமாக மேயும். கைபேசியால் அவற்றை நெருங்க முடியாது; 300 மில்லிமீற்றருக்குக் குறையாத வில்லை (லென்ஸ்) வேண்டும். பறக்கும் பறவை தெளிவாக விழ, ஷட்டர் 1/1000 செக்கனுக்கு மேல் திறந்திருக்கக்கூடாது. காலையில் சூரியனை முதுகுப்புறம் வைத்து, வாகனத்துக்குள் இருந்தபடியே எடுங்கள். வாகனத்தை விட்டு இறங்கி நடந்தால் கூட்டம் விலகிப் போகும். படத்துக்காகக் கைதட்டி அவற்றைக் கிளப்புவதை ஒருபோதும் செய்யக்கூடாது. நெடுந்தூரம் பறந்து இரை தேடி வந்தவை அவை.

பிள்ளைகளுக்கு அங்கே அலுப்பு வந்தால் பள்ளிமுனையில் நிற்கும் பெருக்க (பாஓபாப்) மரத்தடிக்குக் கூட்டிப் போகலாம். 19 மீற்றருக்கு மேல் சுற்றளவுள்ள அந்த மரத்தை வெறுமனே எடுத்தால் அதன் பருமன் படத்தில் தெரியாது. குடும்பத்தார் அத்தனை பேரும் கைகோத்து அதைச் சுற்றி நிற்கும்போது எடுத்தால் தெரியும். பழைய கைபேசி ஒன்றைப் பிள்ளைகளிடமே கொடுத்துவிடுங்கள். அவர்கள் பார்க்கும் உயரத்திலிருந்து வரும் படங்கள் பெரியவர்களுக்கு வாய்ப்பதில்லை.

நெடுந்தீவுக்குக் குறிகாட்டுவானிலிருந்து படகில் போக ஒரு மணித்தியாலமளவு ஆகும். பவளக் கற்களை அடுக்கிய வேலிகளும், வெட்டையில் கட்டாக்காலியாக மேயும் குதிரைகளும் அங்கே காத்திருக்கின்றன. படகில் உப்புநீர் தெறிக்கும் என்பதால் கமெராவை இறுக்கமாக மூடிய பையில் வைத்திருந்து, திரும்பி வந்ததும் நல்லதண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் வெளிப்புறத்தைத் துடைக்க வேண்டும். கடற்கரையில் வில்லையை மாற்ற வேண்டாம். இன்னொன்று, குளிரூட்டிய அறையில் இரவு முழுவதும் இருந்த கமெராவை வெளியே எடுத்ததும் வில்லை முழுவதும் பனி மூடிவிடும். மன்னாரில் என் முதல் விடியலை இப்படித்தான் இழந்தேன். துடைக்கத் துடைக்கப் பனி படிந்துகொண்டேயிருக்க, சிவந்த சிறகுகள் தலைக்கு மேலே போய்விட்டன. முதல் நாளிரவே கமெராப் பையை மூடியபடி குளிரூட்டாத விறாந்தை அறையில் வைத்துவிட்டால் இந்தத் தொல்லை இல்லை.

சட்டத்தையும் மனிதர்களையும் பற்றிச் சொல்லியாக வேண்டும். முகாம்களையும் காவலரண்களையும் நோக்கிக் கமெராவைத் திருப்பாதீர்கள். ட்ரோனை இலங்கைக் குடிசார் விமானப் போக்குவரத்து அதிகாரசபையின் அனுமதியின்றிப் பறக்கவிடக்கூடாது. முகமாலை போன்ற பகுதிகளில் கண்ணிவெடி அகற்றும் பணி பல ஆண்டுகளாக நடந்தது என்பதால், மண்டையோட்டுப் பலகை கண்ட இடத்தில் எவ்வளவு அழகான காட்சி தெரிந்தாலும் பாதையை விட்டு இறங்காதீர்கள். வலை இழுப்பவர்களிடமும் சந்தையில் இருக்கும் ஆச்சிமாரிடமும் முதலில் நின்று கதையுங்கள்; "ஒரு படம் எடுக்கட்டோ?" என்று கேட்டால் பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள், மறுத்தால் அதோடு விட்டுவிட வேண்டும். காணாமல் போன பிள்ளையின் படத்தை ஏந்தி வீதியோரத்தில் இருக்கும் தாயை, பயணப் படம் ஒன்றுக்கான காட்சியாக எடுக்காதீர்கள்.

கடைசிக் கிழமையில் ஒரு விடியலையாவது உங்கள் வீட்டு வளவுக்கு ஒதுக்குங்கள். கிணற்றுக் கட்டு, முற்றத்துக் குப்பைமேனி, துலா நின்ற இடம், அம்மம்மா முற்றம் கூட்டும்போது ஈர்க்கு விட்டுச் செல்லும் கோடுகள் ஆகிய எல்லாவற்றையும் அதே சரிந்த வெளிச்சத்தில் எடுங்கள். எடுத்த படங்களைப் புறப்படும் முன்னரே யாழ்ப்பாண நகரத்து ஸ்ரூடியோ ஒன்றில் அச்சிட்டு, அம்மம்மாவின் கையில் கொடுத்துவிட்டு வாருங்கள். கைபேசித் திரையில் அவருக்குக் கண் பிடிக்காது.