ரசாயன உரத்தை நிறுத்தும்போது: இயற்கை வேளாண்மைக்கு மாறுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ரசாயன உரத்தை நிறுத்திய முதல் பருவத்திலேயே பயிர் வெளிறி, வளர்ச்சி குன்றி நின்றால் பெரும்பாலும் காரணம் ஒன்றுதான்: தழைச்சத்தின் (நைட்ரஜனின்) கணக்கைப் போடாமல் இறங்கியிருப்பார்கள். மண் பழகிக்கொள்ள நாளாகும் என்று ஆறுதல் சொல்வார்கள். நாளாவது உண்மைதான். அதுவரை பயிர் எதைத் தின்னும் என்பதற்கும் பதில் வேண்டும்.

100 கிலோ யூரியாவில் 46 கிலோ தழைச்சத்து இருக்கிறது. அதில் இழப்பு போக மிச்சம் சில நாள்களிலேயே வேருக்குக் கிடைத்துவிடும். மட்கிய தொழுவுரத்தில் இருப்பது சுமார் அரை சதவீதம், அதாவது டன்னுக்கு 5 கிலோ. அதே 46 கிலோவுக்கு 9 டன்னுக்கு மேல் வேண்டும். அதிலும் முதல் ஆண்டில் பயிருக்குக் கிடைப்பது ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. மீதி கரிமத்தோடு பிணைந்து கிடந்து அடுத்தடுத்த ஆண்டுகளில் சிறுகச் சிறுக வெளிவரும். ஏக்கருக்கு 2 டன் தொழுவுரம் போட்டுவிட்டு யூரியாவை அடியோடு நிறுத்தியவர், அந்தப் பருவத்துக்கு நான்கு கிலோ தழைச்சத்துகூடக் கொடுக்கவில்லை என்று பொருள்.

நொதிக்கவைத்த கரைசல்களை உரத்துக்கு மாற்றாக நம்புவது இதைவிடப் பெரிய தவறு. 10 கிலோ சாணமும் 2 கிலோ பயறு மாவும் கரைத்து 200 லிட்டராக்கி ஓர் ஏக்கருக்கு ஊற்றினால், அதிலுள்ள மொத்தத் தழைச்சத்து 200 கிராமைத் தாண்டாது. மண்ணில் ஏற்கெனவே கரிமப்பொருள் நிறைய இருந்தால் கரைசலால் பயன் இருக்கலாம். வெறும் மண்ணில், இல்லாத சத்தை அது எங்கிருந்தும் கொண்டுவராது.

பெரிய அளவில் தழைச்சத்தை வயலுக்குள்ளேயே உண்டாக்கும் வழி பயறு வகைகளும் பசுந்தாள் உரமும்தான். இங்கேயும் கைதவறும் இடங்கள் உண்டு. தக்கைப்பூண்டையோ சணப்பையையோ 45 நாள் வாக்கில், பூக்கத் தொடங்கும்போதே மடக்கி உழ வேண்டும். இன்னும் வளரட்டும் என்று விட்டால் தண்டு நாராகிவிடும். மட்க நாளாகும், சத்தும் தாமதமாகும். மடக்கி உழுத அன்றே நடுவதும் கூடாது. ஒரு வாரம் முதல் பத்து நாள் இடைவெளி கொடுங்கள். மட்கும்போது மண்ணில் ஆக்சிஜன் குறைந்து, இளம் வேரைத் தாக்கும் அமிலங்கள் உண்டாகும்.

பயறு விதையோடு கலக்கும் ரைசோபியம், வேர் முடிச்சில் தங்கிக் காற்றிலுள்ள தழைச்சத்தைச் சேர்க்கும் பாக்டீரியா; உயிருள்ள பொருள். வெயிலில் வைத்த பொட்டலத்தில் அது செத்துப்போகும். பூஞ்சைக்கொல்லி பூசிய விதையிலும் பிழைப்பது அரிது. ஒரு பயறுக்குரிய இனம் எல்லாப் பயறுக்கும் வேலை செய்யாது. நான்கைந்து வாரத்தில் ஒரு செடியைப் பக்குவமாகப் பிடுங்கி வேர் முடிச்சை நகத்தால் கிள்ளிப் பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் தழைச்சத்து சேர்கிறது. வெள்ளையாகவோ பச்சையாகவோ இருந்தால் சேரவில்லை.

வைக்கோலை உழுது புதைத்ததும் பயிர் மஞ்சளாவது பலரையும் குழப்பும். வைக்கோலில் ஒரு பங்கு தழைச்சத்துக்கு 60 முதல் 80 பங்கு கரிமம் இருக்கிறது. அதை மட்கவைக்கும் நுண்ணுயிர்கள் தங்களுக்கு வேண்டிய தழைச்சத்தை மண்ணிலிருந்தே எடுத்துக்கொள்ளும், பயிருக்கு மிஞ்சாது. வைக்கோலை மூடாக்காக மேலே பரப்பினால் இந்தத் தொல்லை மிகக் குறைவு. குவித்து மட்கவைப்பதாக இருந்தால் பசுந்தழையும் சாணமும் சேர்த்து அந்த விகிதத்தை 25 அல்லது 30க்குக் கொண்டுவாருங்கள். குவியல் நீளம், அகலம், உயரம் மூன்றிலும் ஒரு மீட்டராவது இருக்கட்டும். சிறிய குவியலில் வெப்பம் தங்காது. உள்ளே 55 முதல் 65 டிகிரி செல்சியஸ் வரை சூடேற வேண்டும், பலமுறை புரட்டிப் போட வேண்டும். அப்போதுதான் நோய்க்கிருமியும் களைவிதையும் சாகும். பச்சைச் சாணத்தை நேரடியாக வயலில் போட்டால், மண்ணைத் தொட்டு வளரும் காய், கீரைகளை 120 நாள் கழித்தே அறுவடை செய்யலாம் என்பது அமெரிக்காவின் இயற்கை வேளாண்மை விதி. எங்கும் கடைப்பிடிக்கத் தகுந்த எச்சரிக்கை இது.

வெளியிலிருந்து சாணம் வாங்குவோர் ஒன்றைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். அமினோபைராலிட், குளோபைராலிட் போன்ற களைக்கொல்லிகள் தெளித்த புல்லைத் தின்ற மாட்டின் சாணத்தில் அவை அழியாமல் வந்துசேரும். மட்கவைத்த பிறகும் பயறு, தக்காளி ஆகியவற்றின் இலைகளைச் சுருட்டிவிடும். வாங்கிய எருவையும் மண்ணையும் தொட்டியில் கலந்து பத்துப் பதினைந்து அவரை விதைகளை ஊன்றி, மூன்று வாரம் பார்த்துவிட்டு வயலில் இறக்குவது நல்லது.

தழைச்சத்து முழுவதையும் எருவாலேயே ஈடுகட்ட முயன்றால் ஆண்டுக்காண்டு மணிச்சத்து (பாஸ்பரஸ்) தேவைக்கு மேல் தேங்கும். மழைநீரோடு குளம், ஏரிக்குப் போய்ப் பாசி பெருகும். மண் பரிசோதனையில் அந்த எண் ஏறிக்கொண்டே போனால் எருவைக் குறைத்துப் பயறைக் கூட்டுங்கள்.

ஒரு நாடே இந்தக் கணக்கைப் போடாமல் இறங்கினால் என்ன ஆகும் என்பதை 2021இல் இலங்கை கண்டது. ரசாயன உர இறக்குமதிக்கு அரசு திடீரென்று தடை விதித்தது; மாற்று உரம் வேண்டிய அளவில் தயாராக இல்லை. நெல்லும் தேயிலையும் அடிவாங்க, ஆண்டு முடிவதற்குள் தடை பெருமளவு விலக்கப்பட்டது. அதைக் காட்டி இயற்கை வேளாண்மையே பொய் என்பவர்களும் கணக்குப் பார்க்காதவர்களே. 2012இல் நேச்சர் இதழில் வந்த தொகுப்பாய்வில், பயிரையும் பராமரிப்பையும் பொறுத்து இயற்கை வேளாண்மையின் விளைச்சல் ரசாயன முறையைவிட 5 முதல் 34 சதவீதம் வரை குறைவாக இருந்தது. இந்த இடைவெளியைக் குறைக்கக் காலமும் பயிற்சியும் வேண்டும்.

அந்தக் காலத்துக்கு யார் செலவழிப்பது என்பதில்தான் அரசியல் இருக்கிறது. அமெரிக்காவில் தடைசெய்யப்பட்ட இடுபொருளைக் கடைசியாகப் போட்ட நாளிலிருந்து 36 மாதம் கழிந்த பிறகே அறுவடைக்கு இயற்கை விளைபொருள் என்ற சான்றிதழ் கிடைக்கும். ஐரோப்பிய ஒன்றியத்தில் ஆண்டுப் பயிர்களுக்கு இரண்டு ஆண்டு. இடைப்பட்ட காலத்தில் விளைச்சல் குறையும், விலையோ பழைய விலைதான். அந்த நட்டம் முழுவதையும் விவசாயி மட்டும் சுமப்பது அநியாயம். சான்றிதழ் முத்திரையைப் பார்த்தே வாங்கும் நல்லெண்ணமுள்ள நுகர்வோரும் இந்த இடத்தில் தவறுகிறார்கள். முத்திரை கிடைத்தவரிடம் வாங்குவதோடு, மாறிக்கொண்டிருப்பவரிடமும் இரண்டு மூன்று பருவத்துக்கு விலை பேசி வாங்குங்கள்.

விவசாயிக்கு: நிலம் முழுவதையும் ஒரே பருவத்தில் மாற்றாதீர்கள். சான்றிதழுக்கான காலக்கணக்கைத் தொடங்கும் முன்பே, ரசாயன உரத்தைப் படிப்படியாகக் குறைத்துக்கொண்டு, ஓரிரு ஆண்டு பசுந்தாள், பயறு, மட்கு உரத்தால் மண்ணைத் தேற்றுங்கள். பிறகு ஒரு பகுதியை மட்டும் மாற்றி, அதற்குத் தனிப் பதிவேடும் தனிக் கருவிகளும் வைத்துக்கொள்ளுங்கள். ஒரே பயிரை இரண்டு முறையிலும் வளர்த்தால் சான்று தருவதில் சிக்கல் வரும்.