எபிரேய வரிகளைத் தாண்டிப் போய்விடாதீர்கள்: யூத மூதாதையரைக் கல்லறைகளில் தேடுவோர் செய்யும் தவறுகள்

லண்டனோ நியூயார்க்கோ, யூத இடுகாட்டுக்குத் தேடி வருகிறவர்கள் பலர், கல்லில் ஆங்கிலத்தில் இருக்கும் பெயரையும் ஆண்டையும் மட்டும் குறித்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். எபிரேய எழுத்து தெரியாதே என்று மற்ற வரிகளை விட்டுவிடுகிறார்கள். தேடி வந்ததே அந்த வரிகளில்தான் இருக்கிறது. இறந்தவருடைய தந்தையின் பெயர் பெரும்பாலும் அங்கேதான் பொறிக்கப்பட்டிருக்கும்.

தந்தை பெயரை முன்னெழுத்தாகச் சுமக்கும் நமக்கு இதன் அருமை புரியும். 'பென்' என்றால் மகன், 'பத்' என்றால் மகள். கேரளத்துச் சேந்தமங்கலத்தில் 1269-ஆம் ஆண்டைச் சேர்ந்த கல் ஒன்று இருக்கிறது. அதில் உள்ள பெயர் 'சாரா பத் இஸ்ரவேல்', அதாவது இஸ்ரவேலின் மகள் சாரா. கிழக்கு ஐரோப்பிய யூதர் பலருக்குக் குடும்பப் பெயர் வந்ததே அரசாணைகளால்தான்: ஆஸ்திரியாவில் 1787, ரஷ்யாவில் 1804, பிரஷ்யாவில் 1812. அதற்கு முந்தைய தலைமுறையைக் குடும்பப் பெயரை வைத்துத் தேடினால் வழி அடைந்துபோகும். தந்தை பெயர்தான் அடுத்த படிக்கட்டு.

அதைப் படிக்கும்போதும் ஒரு சறுக்கல் உண்டு. 'பெத்', 'ரேஷ்' என்ற இரண்டு எழுத்துகளாலான சுருக்கத்தைப் பார்த்ததும் "எங்கள் பாட்டனாரின் அப்பா ஒரு ரப்பி, அதாவது மதகுரு" என்று மகிழ்ந்துபோகிறவர்கள் பலர். அது 'பென் ரெப்' என்பதன் சுருக்கம். 'ரெப்' என்பது நம் 'திரு' போன்ற மரியாதைச் சொல். குருவாக இருந்தவர் என்றால் 'ஹா ராவ்' போன்ற அடைமொழி தனியாக இருக்கும்.

ஆங்கிலத்தில் லூயிஸ் என்றும் எபிரேயத்தில் யெஹூதா லெய்ப் என்றும் இருந்தால், இருவர் என்று எண்ணிவிடாதீர்கள். யெஹூதாவோடு லெய்ப், ட்ஸ்வியோடு ஹிர்ஷ், டோவோடு பெர் என எபிரேயப் பெயரும், கிழக்கு ஐரோப்பிய யூதரின் பேச்சுமொழியான இத்திஷ் பெயரும் சோடியாக வழங்கியவை.

அதிகம் தவறுவது தேதியில்தான். எபிரேய எழுத்துகளே எண்களும்கூட. 'ஹே' 5, 'ஹெத்' 8. தேய்ந்த கல்லில் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். 'தாலெத்' 4, 'ரேஷ்' 200. இவற்றையும் மாற்றிப் படித்துவிடலாம். யூத ஆண்டு 5659 என்றால், ஐயாயிரத்தை விட்டுவிட்டு 659 என்று மட்டும் பொறிப்பது வழக்கம். அதோடு 1240-ஐக் கூட்டி ஆங்கில ஆண்டு 1899 என்று எழுதிவிடுகிறார்கள். ஆனால் யூதப் புத்தாண்டு பிறப்பது செப்டம்பர், அக்டோபர் வாக்கில். நவம்பர், டிசம்பர் வாக்கில் வரும் கிஸ்லேவ் மாதம் என்றிருந்தால் அது 1898. நாளும் சூரியன் மறையும்போதே தொடங்கிவிடும். அதனால் ஆங்கிலக் கணக்கில் 14-ஆம் தேதி இரவு இறந்தவருக்கு, 15-ஆம் தேதிக்குரிய எபிரேய நாள்தான் கல்லில் இருக்கும். இது பிழையன்று, திருத்தாதீர்கள். நாம் திதி பார்ப்பதுபோல அவர்களும் சந்திர நாள்கணக்கில்தான் நினைவுநாள் கொள்கிறார்கள். அதிக மாதமும் உண்டு. அந்த ஆண்டுகளில் அதார் மாதம் இரண்டு முறை வரும், எந்த அதார் என்று பாருங்கள்.

கல்லும் பதிவேடும் ஒன்றையே சொல்லும் என்று நம்புவது இன்னொரு தவறு. கல், குடும்பத்தார் பல மாதங்கள் கழித்து எழுப்பியது. பதிவேடு, அடக்கத்தை ஒட்டி இடுகாட்டார் எழுதியது. அடக்கத்தைத் தள்ளிப்போடாத வழக்கம் என்பதால், அடக்கத் தேதியை இறந்த தேதி என்று குறித்துவிடும் குழப்பம் எளிதில் நேரும். வயது இரண்டிலும் மாறுபடலாம்.

கல் இல்லை என்றால் ஆளே இல்லை என்று முடித்துவிடாதீர்கள். போலந்தில் ஏராளமான கற்களை நாஜிகள் பெயர்த்துச் சாலை போடப் பயன்படுத்தினார்கள். பிறந்து முப்பது நாள் ஆகாத குழந்தைகளுக்குப் பெரும்பாலும் கல்லே வைப்பதில்லை. பதிவேட்டில் ஒரு வரி மட்டும் இருக்கலாம். பெர்லினின் வைசென்சே இடுகாடு 1880-இல் திறக்கப்பட்டது, ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் அங்கே துயில்கிறார்கள். அதன் பதிவேடுகள் நாஜி காலத்தையும் தாண்டி நிலைத்திருக்கின்றன. அங்கே எழுதிக் கேட்காமல் தேடலைக் கைவிடுவது எனக்கு மனம் ஒப்பாத ஒன்று.

நியூயார்க்கில் குடியேறியவர்கள் ஊர்ச் சங்கங்கள் அமைத்து, இடுகாட்டில் சேர்ந்தே நிலம் வாங்கினார்கள். அந்தப் பகுதியின் வாயில் தூணில் சங்கத்தின் பெயரோடு சொந்த ஊரின் பெயரும் இருக்கும். கல்லை மட்டும் படமெடுத்து வாயிலைத் தவறவிட்டால், எந்தக் காகிதத்திலும் கிடைக்காத ஊர்ப்பெயர் போய்விடும். அக்கம்பக்கக் கற்களையும் எடுங்கள். அங்கே கிடப்பவர் மைத்துனராகவோ ஊர்க்காரராகவோ இருக்கலாம்.

எழுத்து தெரியவில்லை என்று மாவோ சவர நுரையோ பூசாதீர்கள், அவை கல்லைக் கெடுக்கும். ஒரு கண்ணாடியைப் பக்கவாட்டில் பிடித்து வெயிலைக் கல்மீது சாய்த்துவிட்டால் போதும், தேய்ந்த எழுத்தும் நிழல் கட்டி எழும்.