செப்டிக் டேங்க் உள்ள வீட்டில் குழாய் அடைப்பு: தவிர்க்க வேண்டிய தவறுகள்

கழிவுநீர்க் குழாய் அடைத்துக்கொண்டால் எதையாவது ஊற்றிப் பார்ப்பதும், கையில் அகப்பட்ட கம்பியை விட்டுக் குத்துவதும் பெரும்பாலோர் செய்கிற காரியம். பாதாளச் சாக்கடையுடன் இணைந்த வீட்டில் தள்ளிவிட்ட கசடு வீட்டு எல்லையைத் தாண்டிப் போய்விடும் என்பதால் அப்போதைக்கேனும் தப்பித்துக்கொள்ளலாம். செப்டிக் டேங்க் உள்ள வீட்டிலோ, ஊற்றிய மருந்தும் தள்ளிய கசடும் அதே வளாகத்துக்குள்தான் தங்குகின்றன. ஆகவே அடைப்பு இருப்பது குழாயிலா, தொட்டியிலா, தொட்டிக்கு அப்பால், அதிலிருந்து வெளியேறும் நீரை மண்ணுக்குள் இறக்கும் உறிஞ்சு குழியிலா என்று தெரிந்துகொள்ளாமல் வேலையில் இறங்குவதுதான் முதல் தவறு. மற்றவை பெரும்பாலும் அதிலிருந்தே கிளைக்கின்றன.

இடத்தை அறிகுறிகளே ஓரளவு காட்டிக்கொடுத்துவிடும். சமையலறை சிங்க்கில் மட்டும் நீர் தேங்கி, மற்ற இடங்களில் தடையின்றி வடிந்தால், கோளாறு அந்த சிங்க்குக்குக் கீழே உள்ள குழாய் வளைவிலோ அதன் கிளைக்குழாயிலோ இருக்கும். கழிப்பறையில் தண்ணீர் விட்டதும் குளியலறைத் தரைத்துளையில் நீர் பொங்கி வந்தால், இரண்டுக்கும் பொதுவான குழாயோ தொட்டியோ மறித்திருக்கிறது. எதிர்த்து வரும் நீர் வீட்டிலேயே மிகத் தாழ்ந்த திறப்பின் வழியாகத்தான் முதலில் வெளிப்படும். நீர் மெதுவாக வடிந்து, கூடவே களக் களக் என்ற ஓசையும் கேட்டால், கூரைக்கு மேல் நிற்கும் காற்றுக்குழாயின் வாயைச் சருகோ பறவைக் கூடோ அடைத்திருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். இந்தச் சோதனைகளைச் செய்யும்போது, அடைப்பைத் தண்ணீர் தானாக அடித்துச் சென்றுவிடும் என்ற நம்பிக்கையில் குழாயைத் திறந்துவிட்டுக் காத்திருக்கக் கூடாது. துணி துவைக்கும் இயந்திரம் உட்பட எல்லா நீர்ப் பயன்பாட்டையும் முதலில் நிறுத்திவிடுவதே முறை.

அடுத்து, வீட்டுக்கும் தொட்டிக்கும் இடையே, குழாயைச் சோதிப்பதற்கென்று மூடியுடன் கட்டிய சிறு குழியான சேம்பரைத் திறந்து பார்க்க வேண்டும். சேம்பர் காலியாக இருந்தால் அடைப்பு வீட்டுப் பக்கத்திலும், நீர் நிரம்பி நின்றால் சேம்பருக்கும் தொட்டிக்கும் இடையிலோ அதற்கு அப்பாலோ இருக்கும். தொட்டியின் மட்டத்தைப் படிப்பதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். மூடியை நகர்த்தியதும் மேல்வரை நீர் தெரிவதைக் கண்டு தொட்டி நிறைந்துவிட்டது என்று கசடு உறிஞ்சும் லாரியை அழைக்கிறார்கள். உண்மையில் செப்டிக் டேங்க் எப்போதும் நிறைந்தே இருக்கும். வெளியேற்றக் குழாயின் அடிவிளிம்பு வரை நீர் நிற்பதுதான் இயல்பு. உள்வரும் குழாய் அதைவிடச் சுமார் 5 முதல் 7.5 செ.மீ. உயரத்தில் பொருத்தப்பட்டிருக்கும். மட்டம் இயல்பாக இருந்து, சேம்பரில் மட்டும் நீர் தேங்கியிருந்தால், இடையிலுள்ள குழாயோ தொட்டியின் உள்வாயோ அடைபட்டிருக்கிறது. மாறாக, நீர் ஏறி உள்வரும் குழாயையே மூழ்கடித்திருந்தால் கோளாறு வெளியேறும் பக்கத்தில் இருக்கிறது. அப்போது வீட்டுக் குழாயில் எத்தனை முறை கம்பி விட்டாலும் பயனில்லை.

கடைகளில் விற்கும் அடைப்பு நீக்கிகளில் பெரும்பாலும் காஸ்டிக் சோடாவோ கந்தக அமிலமோ இருக்கும். இரண்டும் நீருடன் கலக்கும்போது கடும் வெப்பத்தை உண்டாக்குபவை. சமையலறை வளைவில் படிந்த கொழுப்பை அவை கரைக்கலாம்; ஆனால் பல அடி தள்ளி, தேங்கிய நீருக்கு அடியில் கிடக்கும் துணியையோ ஈரத் துடைப்புத் தாளையோ வேர்க்கற்றையையோ அவற்றால் ஒன்றும் செய்ய இயலாது. வேலை செய்யாமல் போன மருந்து குழாயிலேயே நிற்கும். பிறகு கம்பியுடன் வரும் பிளம்பரின் கண்ணிலும் கையிலும் அது தெறிக்கும். முன்பே மருந்து ஊற்றியிருந்தால் அவரிடம் அதைச் சொல்லிவிடுவது கட்டாயம். ஒன்று பலிக்கவில்லையென்று இன்னொன்றை ஊற்றுவது அதைவிட மோசம்: பிளீச்சுடன் அமிலம் சேர்ந்தால் குளோரின் வாயு வெளிப்படும், அம்மோனியா சேர்ந்தால் குளோரமின் வாயு வெளிப்படும். அன்றாடம் தரை கழுவும் சிறிதளவு கிருமிநாசினியைத் தொட்டி தாங்கிக்கொள்ளும். புட்டி புட்டியாக ஊற்றினால் கழிவைச் சிதைக்கும் நுண்ணுயிர்கள் மடிந்து, சிதையாத கசடு உறிஞ்சு குழிக்குப் போகத் தொடங்கும். கொதிநீரும் வேண்டாம். அது பிவிசி குழாயையும் இணைப்புகளையும் இளக்குகிறது. உருகிய கொழுப்பு சற்றுத் தள்ளிக் குளிர்ந்த இடத்தில் மீண்டும் உறைந்துகொள்கிறது.

அழுத்தி இழுத்து அடைப்பை அசைக்கும் பிளஞ்சர் எளிய கருவிதான், ஆனால் அதன் ரப்பர்க் கிண்ணம் நீரில் மூழ்கியிருக்க வேண்டும். அதே குழாயில் சேரும் மற்றத் திறப்புகளை ஈரத்துணியால் அடைக்காவிட்டால் அழுத்தம் முழுவதும் அவற்றின் வழியே கழன்றுவிடும். ஸ்பிரிங் கம்பி விடும்போது, தடை பட்டதும் முட்டி முட்டித் தள்ளாமல், கம்பியைச் சுழற்றி, சிக்கியதை வெளியே இழுக்கப் பார்க்க வேண்டும். சேம்பரிலிருந்து தொட்டி வரை உள்ள தூரத்தை முன்பே அளந்து கம்பியில் அடையாளம் கட்டிக்கொள்வது நல்லது. ஏனெனில் தொட்டியின் உள்வாயில் கீழ்நோக்கி இறங்கும் ஒரு T வடிவக் குழாயோ தடுப்புச் சுவரோ இருக்கும்; அடைப்பு என்று எண்ணி அதை முட்டி உடைத்துவிட்டால், வரும் கழிவு கீழே இறங்காமல் மேலே ஏடாக மிதக்கும் கொழுப்புப் படலத்தைக் கலக்கிவிடும்.

உயிரைப் பறிக்கும் தவறு ஒன்று உண்டு. தொட்டிக்குள் தலையை நீட்டுவதும், உள்ளே இறங்குவதும், வெளிச்சத்துக்காகத் தீக்குச்சி கொளுத்துவதும் எந்தக் காரணத்தாலும் கூடாது. உள்ளே ஹைட்ரஜன் சல்ஃபைடும் மீத்தேனும் தேங்கியிருக்கும். கசடைக் கிளறும்போது அவை திடீரெனப் பெருகும். மீத்தேன் தீப்பற்றும். அழுகிய முட்டை போல நாறும் ஹைட்ரஜன் சல்ஃபைடு, செறிவு கூடியதும் மோப்ப உணர்வையே மழுங்கடித்துவிடும் என்பதால், நாற்றம் குறைந்துவிட்டது என்று தோன்றும் நேரமே ஆபத்து மிகுந்த நேரமாக இருக்கலாம். உள்ளே மயங்கியவரைத் தூக்க இறங்கியவரும் அதே வாயுவில் விழுவது மீண்டும் மீண்டும் நேர்கிறது. வெளியிலிருந்தபடியே மீட்புப் படையை அழைக்க வேண்டுமே தவிர, பின்னால் இறங்கக் கூடாது. திறந்த மூடிக்கு அருகே குழந்தைகளை விடாமல், வேலை முடிந்த உடனே மூடிவிட வேண்டும்.

ஈஸ்ட், பாக்டீரியா பொடி ஆகியவற்றைப் போட்டால் கசடு எடுக்கும் வேலையே இராது என்பது வெறும் விளம்பரம். வேண்டிய நுண்ணுயிர்கள் கழிவிலேயே உள்ளன. கசடை 3 முதல் 5 ஆண்டுகளுக்கு ஒருமுறை எடுப்பது பொதுவான கணக்கு. சிறிய தொட்டிக்கும் ஆள் மிகுந்த வீட்டுக்கும் அது குறையும். ஆனால் தொடர்மழையில் நிலத்தடி நீர் ஏறியிருக்கும்போது தொட்டியை முழுக்கக் காலி செய்வது தவறு; எடை குறைந்த தொட்டி மண்ணுக்குள் மிதந்தெழும்பி, குழாய் இணைப்புகளை முறித்துவிடக்கூடும். லாரி உறிஞ்சும்போது வெளியேற்றக் குழாயின் வாயைக் கவனிக்க வேண்டும். அதன் வழியே நீர் தொட்டிக்குள் திரும்பி வழிந்தால், உறிஞ்சு குழி நீரை உள்வாங்குவதை நிறுத்திவிட்டது என்று பொருள். குழியைச் சீர்செய்யாதவரை, தொட்டி மீண்டும் இயல்பு மட்டத்தைத் தொட்டதும் தரைத்துளையில் நீர் பொங்குவதும் மீண்டும் தொடங்கிவிடும்.