கற்பனை ஜெர்மானிய மொழியில் முதுமைக்கும் நெருப்புக்கும் சொல் உருவாக்குவது எப்படி?

ஆங்கிலம், ஜெர்மன், ஸ்வீடிஷ் எல்லாம் ஜெர்மானிய மொழிக் குடும்பத்தைச் சேர்ந்தவை. அந்தக் குடும்பத்தில் சொந்தமாக ஒரு மொழியை உருவாக்க ஆசைப்படுபவர்கள் இந்த இரண்டு சொற்களில் தொடங்கலாம். இரண்டும் ஒன்றோடொன்று மோதும். அதைத் தீர்க்கும்போதுதான் உங்கள் மொழிக்கு ஒரு முகம் கிடைக்கும்.

படி 1: இன்றைய ஆங்கிலச் சொல்லையோ ஜெர்மன் சொல்லையோ திரிக்காதீர்கள், போலியாகத்தான் ஒலிக்கும். இம்மொழிகளின் பொதுத் தாயான தொல்ஜெர்மானியத்துக்கு மொழியியலாளர்கள் மீட்டெடுத்த வடிவங்களை எடுங்கள்: முதுமைக்கு ‘அல்டீன்’, நெருப்புக்கு ‘அய்லிடஸ்’.

படி 2: ஒலிமாற்றம். அடுத்த அசையில் இகரமோ ஈகாரமோ வந்தால் முன்னே உள்ள அகரம் எகரமாகும். நாம் ‘இடம்’ என்பதைப் பேச்சில் ‘எடம்’ என்கிறோமே, அங்கும் பின்னே வரும் உயிர்தான் முன்னே உள்ளதை இழுக்கிறது. இதை முடித்த பிறகே சொல்லின் ஈற்றைத் தேய்த்துவிடுங்கள். புதியவர்கள் பெரும்பாலும் தவறுவது இந்த வரிசையில்தான். ஈற்றை முதலில் வெட்டினால் மாற்றத்தைத் தூண்டும் ஈகாரமே போய்விடும். ‘அல்ட்’ என்று நின்றுவிடும். சரியாகச் செய்தால் ‘எல்ட்’ வரும்.

நெருப்புச் சொல்லில் ‘அய்’ எகரமாகச் சுருங்கட்டும், நடு இகரம் விழட்டும். அதுவும் ‘எல்ட்’!

படி 3: ‘எல்ட்’ முதுமைக்கா நெருப்புக்கா, ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். உண்மை மொழிகளும் இதைத்தான் செய்தன. ஸ்வீடிஷில் ‘எல்ட்’ என்றால் நெருப்பு, முதுமைக்கு ‘ஓல்டர்டூம்’. ஆங்கிலத்தின் பழைய வழக்கில் அதே ‘எல்ட்’ முதுமை. நெருப்புக்கு ‘ஃபயர்’ நிலைத்தது.

நான் ‘எல்ட்’டை முதுமைக்கே விடுவேன். ஏனெனில் நெருப்புக்கு இன்னோர் அழகான வேர் கையில் இருக்கிறது. ஆங்கில ‘ஃபயர்’, ஜெர்மன் ‘ஃபாயர்’ இரண்டும் ரகரத்தில் முடிகின்றன. வழக்கொழிந்த ஜெர்மானிய மொழியான காத்திக்கிலோ அதே சொல் ‘ஃபோன்’. வேற்றுமை ஏற்றால் ‘ஃபுனின்ஸ்’. ஒரே தொல்சொல்லில் ரகரமும் னகரமும் மாறிமாறி நின்றதன் தடயம் இது. யாரும் அதிகம் தொடாத னகர வடிவத்தை எடுத்து ‘ஃபுன்’ என்று வையுங்கள். ஸ்காண்டிநேவியாவின் பழைய மொழியான பழைய நோர்ஸில் ‘ஃபுனி’ இருப்பதால் உறவும் கெடாது.

படி 4: இரண்டையும் வைத்துச் சில வாக்கியங்கள் எழுதிப் பாருங்கள். 13-ஆம் நூற்றாண்டு ஐஸ்லாந்தில் எழுதப்பட்ட கதையொன்றில் இடிக்கடவுள் தோர் ‘எல்லி’ என்ற கிழவியுடன் மல்லுக்கட்டி ஒரு காலில் மண்டியிடுகிறான், அவள்தான் முதுமை. அதே மண்டபத்தில் உண்ணும் போட்டியில் தோரின் துணைவன் லோகியை வென்றவன் நெருப்பு. அந்தக் காட்சியை உங்கள் மொழியில் நான்கு வரியில் சொல்லுங்கள்.