ரியூலிப்பை வெங்காயம் போல நடாதேங்கோ

கனடாவில், ஸ்காபரோவில் வீடு வாங்கின முதல் ஒக்டோபரில் நாற்பது ரியூலிப் (துலிப்) பூக் கிழங்கு வாங்கினேன். யாழ்ப்பாணத்தில் வெங்காயம் செய்த குடும்பம், எனக்கு இதெல்லாம் ஒரு வேலையா என்ற நினைப்பு. அப்பா நடுகிற மாதிரியே கழுத்து வெளியில் தெரிய வரிசையாக ஊன்றிவிட்டேன். விடிய எழும்பிப் பார்த்தால் பாதிக்கு மேல் காணவில்லை. அணில்! முதுகில் கோடு போட்ட எங்கட ஊர் அணில் இல்லை, பூனைக்குட்டி அளவில் கறுப்பும் சாம்பலுமாகத் திரிகிறவை.

கிழங்கின் உயரத்தைப் போல மூன்று மடங்கு ஆழம் வேண்டும். ரியூலிப்புக்கு நான் 8 அங்குலம் கிண்டுகிறேன், ஒரு சாணுக்குச் சற்றுக் குறைய. கூர் மேலே, வேர்ப்பக்கம் கீழே, இடைவெளி 5 அங்குலம். மூடின பிறகு மேலே கோழிக்கூட்டுக் கம்பிவலையை விரித்து, நாலு பக்கமும் கல் வைத்து, முளை தெரியும்போது எடுத்துவிடுவேன். எங்கள் வளவு களிமண். தண்ணீர் தேங்கினால் கிழங்கு அழுகும் என்பதால் பள்ளத்தை விட்டுவிட்டு, உயரமான பக்கத்தில் கொம்போஸ்ட் கலந்து நடுகிறேன்.

வலையோடு மாரடிக்க ஏலாதவர்கள் டஃபோடில் பூக் கிழங்கு நடலாம். அதில் நஞ்சு இருப்பதால் அணில் வாய் வைக்காது. அந்தக் கிழங்குப் பையை மட்டும் குசினியில் வெங்காயத்துக்குப் பக்கத்தில் வைக்காதேங்கோ. பார்க்க ஒரே மாதிரித்தான் இருக்கும், கறிக்குள் போனால் ஆபத்து.

ஒக்டோபர் நடுப்பகுதியிலிருந்து நிலம் உறையும் முன் நட்டு முடியுங்கோ. மூன்று, நாலு மாதக் குளிர் பட்டால்தான் பூ வரும். ஊருக்குக் கொண்டுவரச் சொல்லி அம்மா கேட்டபோது நான் மறுத்ததும் இதனால்தான்.

பூ வாடினதும் தண்டை மட்டும் வெட்டுங்கோ. இலை தானாக மஞ்சளாகும்வரை கை வைக்கக் கூடாது, அடுத்த வருஷப் பூவுக்கான சாப்பாட்டை அதுதான் கிழங்குக்குள் சேர்க்கிறது. ஜூன் வரைக்கும் அலங்கோலமாகத்தான் கிடக்கும். என்ர மனுசன் புல்லு வெட்டுகிற மெஷினோடு கிழமைக்கொருக்கா அந்தப் பக்கம் வந்து நின்று என் முகத்தைப் பார்ப்பார். அதனால் புல்லுக்கு நடுவில் வேண்டாம், வேலியோரமாக நடுங்கோ.